பீப்பாய்க் காசில் பிழைத்த அணி



மாலை வேளையில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து, "நம் அணி வென்றது", "நம் அணி தோற்றது" என்று நம் இல்லத்துப் பிள்ளைகள் ஆர்ப்பரிப்பதை அடிக்கடி கேட்கிறோம். அந்த 'நம்' என்ற சொல்லைக் குறித்து நாம் ஒரு கணமேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? அணியை விலைக்கு வாங்கியவர் ஒருவர். அதை நடத்துபவர் வேறொருவர். ஆடுபவரோ இவ்வாண்டு இங்கும் மறு ஆண்டு வேறெங்கோ ஆடுபவர். இதில் நம்முடைய பங்கு யாது? கைதட்டியதைத் தவிர நாம் அதற்குக் கொடுத்தது என்ன?

இக்கேள்வி எழும்போதெல்லாம் கடல் கடந்த ஓர் ஊரின் கதை நம் நினைவுக்கு வருகிறது. ஜப்பான் நாட்டின் ஹிரோஷிமா நகரில் 'கார்ப்' என்னும் பேஸ்பால் அணி ஒன்று உண்டு. செல்வம் மிக்க அணிகளின் வரிசையில் அதற்கு இடமில்லை. வாகை சூடிய ஆண்டுகளைவிடத் தோல்வி கண்ட ஆண்டுகளே அதற்கு மிகுதி. ஆயினும், 'இது நம் அணி' என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லும் உரிமை எவ்வூராருக்கேனும் உண்டெனில், அது ஹிரோஷிமா மக்களுக்கு உண்டு. அவ்வுரிமை அவர்களுக்கு எவ்வாறு வாய்த்தது என்பதை இத்திங்கள் சற்று விரிவாகக் காண்போம்.

நிறுவனங்களின் ஆட்டம்

பேஸ்பால் நம் வாசகர் பலருக்குப் பழக்கமில்லாத ஆட்டம். கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்பு என்று அதைச் சொல்லலாம். ஒன்பது பேர் கொண்ட ஓர் அணி பந்து வீசித் தடுத்து நிற்கும். மற்ற அணியினர் உருண்டை மட்டையை ஏந்தி ஒருவர்பின் ஒருவராக வருவர். பந்தை அடித்துவிட்டு நான்கு மூலைகளையும் சுற்றி வந்துவிட்டால் ஓர் ஓட்டம். அடித்த பந்து எல்லைச் சுவரைத் தாண்டிப் பறந்தால், அதற்கு ஹோம் ரன் என்று பெயர்.

ஹொரேஸ் வில்சன் என்னும் அமெரிக்க ஆசிரியர் 1872-ஆம் ஆண்டு டோக்கியோவில் தம் மாணவருக்கு இதனைக் கற்பித்தார் என்பது வரலாறு. பள்ளிகளில் வேரூன்றிய ஆட்டம், 1936-ஆம் ஆண்டு ஊதியம் பெற்று ஆடும் தொழில்முறை ஆட்டமாகவும் வளர்ந்தது.

இங்கே ஒரு செய்தியை நாம் கவனிக்க வேண்டும். ஜப்பானில் தொழில்முறை அணிகள் பெரும்பாலும் ஊரின் பெயரை முன்வைத்துப் பிறந்தவை அல்ல; அவற்றை உடைய நிறுவனங்களின் பெயரைத் தாங்கிப் பிறந்தவை. யோமியூரி ஜயன்ட்ஸ் என்றால், யோமியூரி செய்தித்தாள் நிறுவனத்தின் அணி. ஹான்ஷின் டைகர்ஸ் என்றால், ஹான்ஷின் இரயில்வே நிறுவனத்தின் அணி. அணி நட்டத்தில் நடந்தாலும், பெயருக்குக் கிடைக்கும் விளம்பரத்தை எண்ணி நிறுவனம் அந்நட்டத்தைச் சுமக்கும். பொறுக்க முடியாத நாளில் அணியை விற்றுவிடும். இவ்வாறு உரிமையாளர் மாறி, பெயர் மாறி, ஊரும் மாறிய அணிகள் அங்கே பல. இத்தகைய ஒரு களத்தில்தான், எந்த நிறுவனத்தின் துணையுமின்றி, ஒரு நகரத்து மக்கள் தமக்கென ஓர் அணியை அமைக்க முற்பட்டனர். அதுவும் எந்த நகரம் என்பதைக் காண்போம்.

சாம்பல் மேட்டில் ஓர் ஆசை

1945-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாள் காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமா நகரின்மீது அணுகுண்டு வெடித்தது. அவ்வாண்டு முடியுமுன் சுமார் 1,40,000 பேர் மாண்டனர் என்பது கணக்கு. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு அம்மண்ணில் புல்லும் முளைக்காது என்ற பேச்சு எங்கும் பரவிற்று. ஆயினும் மூன்றாம் நாளே, இடிபாடுகளுக்கிடையே ஒரு பகுதியில் டிராம் வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியது. அந்நகரத்தாரின் நெஞ்சுறுதிக்கு அதுவே முதற் சான்று.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1949-ஆம் ஆண்டு தொழில்முறைப் பேஸ்பால் இரண்டு லீக்குகளாகப் பிரிவதென முடிவாயிற்று. புதிய அணிகளுக்கு இடம் கிடைத்தது. ஹிரோஷிமாவிலும் ஓர் அணி வேண்டும் என்ற குரல் எழுந்தது. வீடின்றித் தகரக் கொட்டகைகளில் மக்கள் வாழ்ந்த காலம். கதிர்வீச்சு நோயால் இன்னும் பலர் மடிந்துகொண்டிருந்த காலம். "சோற்றுக்கே வழியில்லாத ஊருக்கு ஆட்டம் எதற்கு?" என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் போருக்கு முன்பு அவ்வூர் பேஸ்பாலுக்குப் பேர்போன மண். ஹிரோஷிமா வணிகப் பள்ளி 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தொடர்ந்து தேசியப் பள்ளிப் போட்டியில் வாகை சூடியது. இழந்தவற்றை எண்ணி எண்ணி மாய்ந்த மக்களுக்கு, நாளை என்ன நடக்கும் என்று ஆவலோடு காத்திருக்க ஏதேனும் ஒன்று தேவைப்பட்டது. உணவு உடலைக் காக்கும். மறுநாள் காலையில் எழுந்து செய்தித்தாளைத் தேட வைக்கும் ஆவல் உள்ளத்தைக் காக்கும்.

மாநில நிருவாகமும், ஹிரோஷிமா, குரே முதலிய நகராட்சிகளும், பொதுமக்களும் பங்கு சேர்த்து அணியை நடத்துவதென்று திட்டம். 1950-ஆம் ஆண்டு, சென்ட்ரல் லீக் என்னும் பிரிவில் அணி ஆடத் தொடங்கியது. அதே 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள்தான், இயேசு சபைக் குரு ஹூகோ லசால் அவர்களின் அரிய முயற்சியால், உலக அமைதி நினைவுப் பேராலயத்திற்கு அந்நகரில் அடிக்கல் நாட்டப்பட்டது என்பதையும் நம் வாசகர் நினைவிற்கொள்வர். எல்லா வகையிலும் அந்நகரம் எழுந்து நிற்க முயன்ற காலம் அது.

கெண்டை என்னும் பெயர்

'கார்ப்' என்பது ஆங்கிலத்தில் கெண்டை மீனைக் குறிக்கும் சொல். புலி, சிங்கம், அரக்கன் என்று மற்ற அணிகள் பெயர் சூட்டிக்கொள்ள, ஹிரோஷிமா ஏன் கெண்டையைத் தேர்ந்தது? அந்நகர் வழியே ஓடும் ஓட்டா ஆறு கெண்டைக்குப் பெயர் பெற்றது. நகரின் பழைய கோட்டைக்கே 'கெண்டைக் கோட்டை' என்ற மறுபெயர் உண்டு. இப்பெயரை முன்மொழிந்தவர் தனிகாவா நொபோரு என்னும் அரசியல் தலைவர்.

மேலும், கீழை நாடுகளில் கெண்டையைக் குறித்து ஒரு பழங்கதை வழங்குகிறது. பாய்ந்து விழும் அருவியை எதிர்த்து நீந்தி ஏறிவிடும் கெண்டை, வானில் பறக்கும் நாகமாகிவிடும் என்பது அக்கதை. இதனால்தான் ஜப்பானியர் மே 5-ஆம் நாளையொட்டித் தம் பிள்ளைகள் ஊக்கத்தோடு வளர வேண்டுமென்று வாழ்த்தி, துணியாலான கெண்டை உருவங்களைக் கொடிக்கம்பங்களில் பறக்கவிடுகின்றனர். அழிந்த நகரத்தின் அணிக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறெது?

வேடிக்கை ஒன்றும் உண்டு. முதலில் 'கார்ப்ஸ்' என்றே பெயரிட்டனர். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் பன்மையிலும் 'கார்ப்' என்பதே வடிவம் என்று அறிந்தோர் சுட்டிக்காட்ட, கடைசி எழுத்து நீக்கப்பட்டது. மற்ற அணிகளின் பெயர்களெல்லாம் பன்மையில் முடிய, இன்றுவரை இவ்வணியின் பெயர் மட்டும் தனித்து நிற்கிறது.

திமிங்கலத்தின் வாயில்

முதல் மேலாளராக வந்தவர் இஷிமோட்டோ ஷூயிச்சி. ஹிரோஷிமாவின் மைந்தர். முன்பு வணிகப் பள்ளி அணியைத் தேசிய வெற்றிக்கு நடத்தியவரும், ஒசாகா டைகர்ஸ் அணியை 1937, 1938 ஆகிய ஆண்டுகளில் வெற்றிபெறச் செய்தவரும் அவரே. ஆனால் இம்முறை அவர் கைக்குக் கிடைத்தவர்கள், வேறு அணிகளில் வயது கடந்தோரும் அனுபவமற்ற இளைஞருமே. முதலாண்டில் அணி ஆடிய ஆட்டங்கள் 138. வென்றவை 41, தோற்றவை 96, ஒன்று சமன். எட்டு அணிகளில் எட்டாம் இடம்.

தோல்வியைவிடக் கொடியது வறுமை. எதிர்பார்த்த பங்குத்தொகை வந்து சேரவில்லை. வீரர்களுக்கு ஊதியம் கொடுக்க வழியில்லை. 1951-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நிலைமை முற்றிவிட்டது. அணியைக் கலைத்துவிடுவதா, அன்றி டாயோ வேல்ஸ் என்ற அணியோடு இணைத்துவிடுவதா என்று நிருவாகிகள் கூடி ஆராய்ந்தனர். டாயோ என்பது கடல்மீன் பிடிக்கும் பெருநிறுவனம். 'வேல்ஸ்' என்றால் திமிங்கலங்கள். கெண்டையைத் திமிங்கலம் விழுங்கும் நேரம் வந்துவிட்டது என்றே யாவரும் எண்ணினர். இணைப்புச் செய்தி நகரெங்கும் பரவியபோது, மக்கள் கலங்கிப்போயினர்.

அப்போது எழுந்து நின்றவர் இஷிமோட்டோ. ஆதரவாளர் சங்கங்கள் அமைத்துப் பொதுமக்களிடம் பொருள் திரட்டலாம். ஒரு வாய்ப்புத் தாருங்கள் என்று அவர் மன்றாடினார். இணைப்பு முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. அன்றுமுதல் களத்தில் நின்ற நேரத்தைவிட, ஊர் ஊராகச் சென்று மேடையேறிப் பேசிய நேரமே அவருக்கு மிகுதி. தொழிற்சாலைகள், அலுவலகங்கள், சிற்றூர்கள் என எங்கும் ஆதரவாளர் குழுக்கள் தோன்றின.

பீப்பாய் நின்ற வாயில்

இக்கதையின் உயிர்நிலைக்கு இப்போது வந்திருக்கிறோம். ஜப்பானில் அரிசியிலிருந்து வடிக்கும் சாக்கே என்னும் மதுவைப் பெரிய மரப்பீப்பாய்களில் நிரப்பி வைப்பர். அத்தகைய காலிப் பீப்பாய்கள் ஆட்டக்களத்தின் வாயிலில் வைக்கப்பட்டன. உள்ளே செல்வோரும் வெளியேறுவோரும் தம்மால் இயன்றதை அதில் இட்டுச் சென்றனர். கசங்கிய தாள்களும் சில்லறைக் காசுகளும் விழுந்தன. சிறுவர்கள் தின்பண்டத்திற்கென வைத்திருந்த காசை இட்டனர். 'தாரு பொக்கின்', அதாவது 'பீப்பாய்க் காணிக்கை' என்று அதற்குப் பெயர் வந்தது. அச்சொல் இன்றும் ஹிரோஷிமாவில் பேரனுக்குப் பாட்டனார் சொல்லும் சொல்லாக விளங்குகிறது.

கொடுத்தவர் யார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தமக்கு மிஞ்சியதை அவர்கள் கொடுக்கவில்லை. வீடு இழந்தவர், பெற்றோரை இழந்தவர், குண்டின் தழும்பை முகத்தில் தாங்கியவர் கொடுத்தனர். அணியோ அப்போதும் தோற்றுக்கொண்டேயிருந்தது. வெற்றிக்குப் பரிசாக எவரும் காசு இடவில்லை. அணி இருக்க வேண்டும் என்பதற்காகவே இட்டனர்.

அணி பிழைத்தது. ஆனால் மறு ஆண்டே அடுத்த கண்டம் வந்தது. 1952-ஆம் ஆண்டு, வெற்றி விகிதம் முப்பது விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும் அணி நீக்கப்படும் என்று லீக் விதி வகுத்தது. கார்ப் அணியை மனத்தில் வைத்தே அவ்விதி எழுதப்பட்டதென்று ஊரார் கருதினர். அவ்வாண்டு கார்ப் 37 ஆட்டங்களில் வென்று 80-இல் தோற்றது; மூன்று சமன். விகிதம் 31.6. மயிரிழையில் தப்பியது. முப்பதுக்குக் கீழே இறங்கியது ஷோச்சிக்கு ராபின்ஸ் என்னும் வேறோர் அணி. திரைப்பட நிறுவனத்தின் பெயரைத் தாங்கியிருந்த அவ்வணிதான் 1953-ஆம் ஆண்டு திமிங்கலத்தோடு இணைந்து மறைந்தது. கெண்டையோ நீந்திக்கொண்டிருந்தது.

அக்காலத்து வீரர்களுள் ஒருவரையேனும் இங்கே குறிப்பிட வேண்டும். ஹசெகாவா ரியோஹெய் என்ற பந்து வீச்சாளர் 167 சென்டிமீட்டர் உயரமே உடையவர். 1950 முதல் 1963 வரை இந்த ஏழை அணிக்காகவே வீசி, 197 ஆட்டங்களில் வென்று 208-இல் தோற்றார். வலிமை மிக்க அணியொன்றில் ஆடியிருந்தால் வெற்றிக் கணக்கு எவ்வளவோ உயர்ந்திருக்கும். 'சிறிய பேருருவர்' என்று மக்கள் அவரை அழைத்தனர்.

சிவப்புத் தொப்பி

1957-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஹிரோஷிமா நகராட்சி ஆட்டக்களம் திறக்கப்பட்டது. உள்ளூர் நிறுவனங்கள் நன்கொடை அளித்தன. இரவிலும் ஆட விளக்குகள் அமைந்தன. அது அமைந்த இடத்தைக் கேளுங்கள்: குண்டு வெடித்த இடத்தருகே எலும்புக்கூடாக நிற்கும் கட்டடம் ஒன்றின் படத்தை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோமே, அந்த அணுகுண்டு நினைவுக் கூடத்திற்கு எதிரே, சாலையின் மறுபுறம். ஒருபுறம் 1945-இல் நின்றுபோன கட்டடம். மறுபுறம் ஒவ்வொரு மாலையும் விளக்கேற்றி ஆர்ப்பரிக்கும் களம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்விரண்டும் முகத்தோடு முகம் நோக்கி நின்றன.

1968-ஆம் ஆண்டு, பின்னாளில் மாஸ்டா என்று பெயர் மாற்றம் பெற்ற உள்ளூர்க் கார்த் தொழிற்சாலையான டோயோ கோக்யோ அணியின் பெரும் பங்குதாரராயிற்று. 'ஹிரோஷிமா டோயோ கார்ப்' என்று பெயர் நீண்டது. வறுமை சற்றே தணிந்தது, தோல்வி தணியவில்லை. 1972, 1973, 1974 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து கடைசி இடம்.

1975-ஆம் ஆண்டு மேலாளராக ஜோ லூட்ஸ் என்னும் அமெரிக்கர் அமர்த்தப்பட்டார். அணியின் கருநீலத் தொப்பியை நீக்கிவிட்டுச் சிவப்புத் தொப்பியை அணிவித்தவர் அவரே. போராடும் உணர்வின் நிறம் சிவப்பு என்பது அவர் கருத்து. நடுவர் ஒருவரின் தீர்ப்பைக் குறித்து எழுந்த பூசலால், அவர் ஏப்ரல் திங்களிலேயே பதவி துறந்து தாயகம் திரும்பினார். அவர் விட்டுச் சென்ற சிவப்பு நிலைத்தது. அணியின் முன்னாள் வீரரான 39 வயது கோபா தக்கேஷி மேலாளர் பொறுப்பை ஏற்றார்.

அவ்வாண்டு எவரும் எதிர்பாராதது நிகழ்ந்தது. கடைசியில் கிடந்த அணி படிப்படியாக முன்னேறியது. அக்டோபர் 15-ஆம் நாள் டோக்கியோவில், செல்வத்தில் முதன்மை பெற்ற யோமியூரி ஜயன்ட்ஸ் அணியை வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாக லீக் வாகையைச் சூடியது. அமெரிக்க வீரர் கேல் ஹாப்கின்ஸ் அடித்த ஹோம் ரன் அவ்வெற்றியை உறுதிசெய்தது. அதே ஆண்டு ஜயன்ட்ஸ் அணி தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்திற்கு இறங்கியது. எண்ணெய் நெருக்கடியால் கார் விற்பனை வீழ்ந்து, டோயோ கோக்யோ தொழிலாளர் குடும்பங்கள் நாளையை எண்ணி அஞ்சியிருந்த காலம் அது என்பதையும் சேர்த்து எண்ணினால்தான், அவ்வெற்றி அவ்வூருக்கு எத்தகைய ஆறுதல் என்பது விளங்கும்.

ஹிரோஷிமாவின் அமைதிப் பெருஞ்சாலையில் வெற்றி ஊர்வலம் நடந்தது. இலட்சக்கணக்கானோர் கூடினர். அக்கூட்டத்தில் மறைந்தோரின் படங்களைக் கையில் ஏந்தி நின்றோரும் இருந்தனர். பீப்பாயில் காசு இட்டுவிட்டு, வெற்றியைக் காணாமலே கண்மூடிய தந்தைக்கும் அண்ணனுக்கும் அவ்வூர்வலத்தைக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் போலும்! இருபத்தைந்து ஆண்டுக் காத்திருப்பின் பொருள் அப்படங்களில் அடங்கிவிடுகிறது.

இரு மைந்தர்கள்

அவ்வணியின் தூண்கள் இருவர். ஒருவர் யமமோட்டோ கோஜி. குண்டு விழுந்த மறு ஆண்டு, 1946-இல், ஹிரோஷிமா மண்ணிலேயே பிறந்தவர். தம் ஆட்டக்காலத்தில் 536 ஹோம் ரன்கள் அடித்தார்.

மற்றவர் கினுகாசா சச்சியோ. 1947-ஆம் ஆண்டு கியோட்டோ நகரில் பிறந்தவர். அவருடைய தாய் ஜப்பானியப் பெண்மணி. தந்தையோ போருக்குப் பின் அங்கே தங்கியிருந்த அமெரிக்கப் படையைச் சேர்ந்த கறுப்பினத்தவர். தந்தையின் துணையின்றி வளர்ந்த அப்பிள்ளை, தோற்றத்தால் வேறுபட்டவராய் அச்சமுதாயத்தில் எதையெல்லாம் தாங்கியிருப்பார் என்பதை நாம் உய்த்துணரலாம். அவரைத் தன் மைந்தராக ஏற்று, நெஞ்சில் வைத்துப் போற்றியது எந்த ஊர்? அமெரிக்கக் குண்டால் எரிந்த ஹிரோஷிமா! இதை நாம் அமைதியாக எண்ணிப் பார்க்க வேண்டும். பகையை மறக்கச் சொல்லி எவரும் அங்கே சட்டம் இயற்றவில்லை. ஒரே களத்தில், ஒரே தொப்பியின் கீழ், ஒருவர் வியர்வையை மற்றவர் கண்டு பழகியதில் அது நடந்தது.

1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், ஜயன்ட்ஸ் அணியின் நிஷிமோட்டோ வீசிய பந்து தாக்கிக் கினுகாசாவின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மறுநாள் அவர் ஆடுவார் என்று எவரும் எண்ணவில்லை. மாற்று மட்டையாளராக வந்து நின்றார். மூன்று பந்துகளையும் முழு வலிமையோடு வீசி அடிக்க முயன்றார், மூன்றும் தவறின. முதல் வீச்சு மக்களுக்காக, இரண்டாவது தமக்காக, மூன்றாவது நிஷிமோட்டோவுக்காக என்று பின்னர் அவர் கூறினார். தம்மைக் காயப்படுத்திய இளைஞர் குற்றவுணர்வால் குன்றிப்போகலாகாது என்பதற்காகவும் எலும்பு முறிந்த தோளோடு களமிறங்கிய மனிதர் அவர்!

1970 முதல் 1987 வரை அவர் ஓர் ஆட்டத்தையும் தவறவிடவில்லை. தொடர்ந்து 2,215 ஆட்டங்கள். அமெரிக்க வீரர் லூ கெரிக்கின் 2,130 என்ற நெடுநாள் எல்லையை 1987-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கடந்தார். ஜப்பான் அரசு மக்கள் மதிப்பு விருது வழங்கிச் சிறப்பித்தது. 2018-ஆம் ஆண்டு ஏப்ரலில் மறைந்தார். 'இரும்பு மனிதர்' என்பது மக்கள் அவருக்கு இட்ட பெயர். இவ்விருவரும் ஆடிய காலமே கார்ப் அணியின் பொற்காலம். 1979, 1980, 1984 ஆகிய மூன்று ஆண்டுகளில் நாட்டின் முதன்மை அணியாக அது விளங்கிற்று.

சென்றவரும் திரும்பியவரும்

பொற்காலம் நீடிக்கவில்லை. 1991-ஆம் ஆண்டு லீக் வாகைக்குப்பின் இருபத்தைந்து ஆண்டுகள் வறண்டன. 1993-ஆம் ஆண்டு முதல், குறித்த காலம் ஆடிய வீரர் தாம் விரும்பிய அணிக்குச் செல்லலாம் என்ற உரிமை வந்தது. தொழிலாளிக்கு அது நேர்மையான உரிமையே. அதனை நாம் குறை கூறலாகாது. ஆனால் ஏழை அணிக்கு அது பெருஞ்சோதனை. கார்ப் வளர்த்த வீரர்களைச் செல்வமிக்க அணிகள் அழைத்துச் சென்றன. பிறர் வளர்த்தவரைப் பெருந்தொகை கொடுத்து வாங்கும் வழியைக் கார்ப் நாடவில்லை. இளைஞரைத் தேடி எடுத்து, கடும் பயிற்சியளித்து, தானே ஆளாக்குவது என்பதே அதன் வழி. கரீபியக் கடலிலுள்ள டொமினிக்கன் குடியரசில் 1990-ஆம் ஆண்டு ஒரு பயிற்சிக்கூடத்தையும் அது நிறுவியது.

சென்றவர்களுள் இருவர் திரும்பினர். குரோடா ஹிரோக்கி என்னும் பந்து வீச்சாளர் 2008 முதல் அமெரிக்காவில் ஏழு ஆண்டுகள் புகழோடு ஆடியவர். அங்கே பன்மடங்கு ஊதியம் காத்திருந்தும் அதனை விட்டு, 2015-ஆம் ஆண்டு தம் பழைய அணிக்குத் திரும்பினார். நாற்பது வயதை எட்டிக்கொண்டிருந்த அவர், வலிமை முழுவதும் தீர்ந்த பின் வராமல், வீசும் ஆற்றல் இருக்கும்போதே வர விரும்பினார். அதே ஆண்டு, கண்ணீரோடு வேறு அணிக்குச் சென்றிருந்த ஹிரோஷிமா மைந்தர் அராய் தகாஹிரோவும் திரும்பினார். தம்மை விட்டுச் சென்ற அவரை மக்கள் எவ்வாறு வரவேற்பரோ என்ற ஐயம் அவருக்கு இருந்தது. முதல் ஆட்டத்தில் மட்டையோடு வந்து நின்றபோது, அரங்கம் முழுவதும் எழுந்த பேரொலி அவ்வையத்தைத் தீர்த்தது.

2016-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள், மீண்டும் டோக்கியோவில், மீண்டும் ஜயன்ட்ஸ் அணியை வென்று, கார்ப் லீக் வாகை சூடியது. அன்று பந்து வீசி வென்றவர் குரோடா. அவரும் அராயும் தழுவிக்கொண்டு அழுத காட்சியைக் கண்டு ஊரே அழுதது. 2017, 2018 ஆகிய ஆண்டுகளிலும் வாகை தொடர்ந்தது.

யாருடைய அணி?

உண்மையை மறைக்கலாகாது. 'மக்கள் அணி' என்று புகழப்பட்டாலும், சட்டப்படி அது இன்று பொதுமக்களின் உடைமையன்று. மாஸ்டா நிறுவனத்தைத் தோற்றுவித்த மட்சுடா குடும்பத்தினரும் மாஸ்டாவுமே பெரும் பங்குதாரர். சிக்கனம் என்ற பெயரில் நல்ல வீரர்களை விட்டுவிட்டார்கள் என்று நிருவாகத்தைக் கடிந்துகொண்ட மக்களும் உண்டு. பத்திரங்களைப் புரட்டிப் பார்த்தால், பீப்பாயில் காசு இட்ட சிறுவனின் பெயர் எங்கும் இராது.

ஆயினும் அச்சிறுவனின் காசு மறைந்துவிடவில்லை. பழைய ஆட்டக்களம் நலிந்து, புதியது வேண்டும் என்ற நிலை 2004-ஆம் ஆண்டு எழுந்தபோது, ஹிரோஷிமாவின் தெருக்களில் மீண்டும் பீப்பாய்கள் தோன்றின. பாட்டனார் இட்டதைப் போலவே பேரப்பிள்ளைகளும் இட்டனர். இரயில் நிலையத்தருகே நகராட்சி கட்டிய புதிய களம் 2009-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டு, ஐம்பத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின், ஆகஸ்டு 6-ஆம் நாளில் ஹிரோஷிமாவிலேயே கார்ப் ஆடியது. 2015-ஆம் ஆண்டு அதே நாளில் வீரர் அனைவரும் தத்தம் எண்களை விடுத்து, எட்டாம் திங்களின் ஆறாம் நாளைக் குறிக்கும் 86 என்ற ஒரே எண்ணை முதுகில் தாங்கிக் களமிறங்கினர்.

அன்பு வாசகர்களே, ஒன்றை 'நமது' என்று சொல்வதற்குப் பத்திரம் ஒரு வழி. பணம் ஒரு வழி. ஹிரோஷிமா மக்கள் கண்ட வழி வேறு. தோற்றுக்கொண்டிருந்த நாளில் கொடுத்தார்கள். வென்ற நாளில் கொடுத்ததை நினைவூட்டிக் கணக்குக் கேட்கவில்லை. விட்டுச் சென்றவன் திரும்பியபோது கதவைத் திறந்தார்கள். அயலானின் பிள்ளையைத் தம் பிள்ளை என்றார்கள். ஒரு குடும்பத்தைக் குடும்பமாக்குவதும் இவையல்லவா?

ஆகவே, அடுத்த முறை உங்கள் பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து 'நம் அணி' என்று கூவும்போது அவர்களைத் தடுக்காதீர்கள். ஆட்டம் முடிந்தபின் அருகில் அமர்த்தி, வாயிலில் நின்ற அந்த மரப்பீப்பாயின் கதையைச் சொல்லுங்கள். ஊரின் நூலகம், படித்த பள்ளி, பிறந்த வீடு என நாம் 'நமது' என்று சொல்லும் பலவற்றின் வாயிலிலும் அப்படியொரு பீப்பாய் நிற்கிறது. அதில் நம் காசு விழுந்திருக்கிறதா என்று அவர்களோடு சேர்ந்து நாமும் எண்ணிப் பார்ப்போம்.